குலசேகரமும் ஒரு மீட்டர் மாமியும்

பிரோஷே மீனைப் பற்றிக் குலசேகரத்தைவிட அதிகம் தெரிந்த ஆள் இந்தப் பூமியில் கிடையாது. பிரான்சின் பேராசிரியர்கள் எல்லோரும் தராசின் ஒரு தட்டில் ஏறி, மறு தட்டில் குலசேகரம் தன் ரப்பர் சப்பாத்தோடு ஏறினால், பேராசிரியர்கள் ஈபிள் கோபுரத்தின் உச்சிக்குப் பறந்துவிடுவார்கள். மீன்களுக்கே தங்களைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால், பாரிஸின் லா சப்பலில் இறங்கி, மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் நடந்து, மூன்றாம் மாடியில் மணியடித்து, "குலம் அண்ணை நிற்கிறாரோ?" என்று கேட்டுத்தான் தெளிவு பெறும்.

அந்த மூன்றாம் மாடி வீடு அஜந்தாவினுடையது. லா சப்பலில் சட்டை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். புருஷன் செத்து எட்டு வருடம். ஒரே மகள் சாம்பவிக்குப் பதினேழு வயது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. வீட்டின் சின்ன அறையில் ஆறு வருடமாக வாடகைக்கு இருப்பவர் குலசேகரம். வயது ஐம்பத்து நாலு. மெலிந்த ஆள். எதைத் தொட்டாலும் தொட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் போவார்.

பிரோஷே என்பது குளிர்ந்த நன்னீரில் வாழும் பெரிய மீன். கடலில் சீலா பார்த்தவர்கள் சீலாவை நினைத்துக்கொள்ளலாம்: நீண்ட உடம்பு, வாத்தின் சொண்டு மாதிரித் தட்டை வாய், வாய்க்குள் எண்ணாயிரம் பல். பல்லெல்லாம் உள்ளே பார்த்து வளைந்திருக்கும். போன சாமான் திரும்பி வராது. பச்சை உடம்பில் வெளிறிய புள்ளிகள், புல்லுக்குள் விழுந்த வெயில் போல. இரை தேடி அது ஓடித் திரியாது. தாவரங்களுக்குள் மரக்கட்டை மாதிரி மணித்தியாலக் கணக்கில் அசையாமல் நிற்கும். கிட்ட ஏதாவது வந்தால் ஒரே பாய்ச்சல். தப்பினால் துரத்தாது, பழையபடி கட்டை. மற்ற மீன், தவளை, வாத்துக் குஞ்சு, தன் இனத்துக் குஞ்சு எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். ஒரு மீட்டர் தாண்டி வளர்வது பெண்கள் மட்டும், ஆண்கள் சிறிசு. அவை கூட்டம் சேர்வதில்லை. தனிய நிற்கும், தனியச் சாப்பிடும், வருடத்தில் சில நாள் மட்டும் துணை தேடும்.

பத்தொன்பது வருடம் தனி அறையில் படுத்தெழும்பிய ஆளுக்கு அந்த மீனைப் பிடித்துப்போனதில் அதிசயமில்லை.

குலசேகரம் பிரான்சுக்கு வந்தபோது அவருக்கும் யோகராணிக்கும் கலியாணமாகிப் பதினாலு மாதம். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டது. பிறகு பதினைந்து வருடம் காட், அதாவது வதிவிட அட்டை, இல்லாமல் உணவகங்களில் தட்டுக் கழுவினார், கந்தோர்களில் நிலம் துடைத்தார். நாலு வருடத்துக்கு முன் ஒருவழியாக வதிவிட காட் கிடைத்ததும் ஊருக்குப் போய் மூன்று கிழமை நின்றார். யோகராணிக்கு நரைத்திருந்தது. இருவரும் விருந்தாளிகள் மாதிரி ஒருவரையொருவர் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கிழமைதான் பழைய மாதிரிச் சிரிப்பு வந்தது, நாலாவது கிழமை விமானம்.

அவளைப் பிரான்சுக்குக் கூப்பிட வேண்டும். அதற்குப் பத்திரங்கள் எல்லாம் சேர்த்து அரசாங்கத்துக்கு ஒரு கோவை கொடுக்க வேண்டும். லா சப்பலில் கோவை நிரப்பிக் கொடுக்கிற றொஜர் தெளிவாகச் சொல்லிவிட்டான்:

"அண்ணை, நிரந்தர கொந்த்ரா இல்லாமல் இதைக் குடுக்கிறதும் ஒண்டு, குப்பைக்கை போடுறதும் ஒண்டு."

குலசேகரம் போன வருடம் மே மாதம் சேர்ந்த வேலை அந்தக் கொந்த்ராவுக்காக, வேலை ஒப்பந்தத்துக்காகத்தான். ஒரு துப்புரவுக் கொம்பனி அவரை நகரத்துக்கு வெளியே ஒரு மீன்பிடிச் சங்கத்தின் குளத்துக்கு அனுப்பியது. காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, கார் து நோர் நிலையத்தில் டி பாதை ரயில் பிடித்து, வில்லியே லே பெல்லில் இறங்கி, பிறகு பேருந்து. கரையைத் துப்புரவாக வைப்பது, வாங்குகளைத் துடைப்பது, வேலி பார்ப்பது. ஒரு வருடத்துக் கொந்த்ரா, ஏப்ரல் முப்பதோடு முடியும். வேலை பிடித்திருந்தால் அதன்பிறகு நிரந்தரம் என்று வாய்ச்சொல். குளத்தைக் காவல் பார்ப்பவர் ரேமண்ட், எழுபது வயது, இடுப்பு வருத்தக்காரர், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார். மீன் ஆராய்ச்சிக்காரி ஆரெலி திங்கட்கிழமைகளில் வருவாள். குலசேகரத்துக்கு மீனைக் காட்டிக் கொடுத்தது அவள்தான். அவர் துடைப்பத்தோடு நின்று கேட்ட கேள்விகளைப் பார்த்து, தன் மாணவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை என்றாளாம்.

அந்தக் குளத்தில் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு பெண் பிரோஷே இருந்தது. வாலில் ஒரு வெட்டு. குலசேகரம் அதற்கு "மாமி" என்று பெயர் வைத்தார், யோகராணியின் தாயாரை நினைத்து. எதற்கும் அசையமாட்டா, ஆனால் கிட்டப் போகவும் ஏலாது.

குளத்தின் வடக்குக் கரையில் ஒரு புல்வெளி. மார்கழியில் பலகை போட்டுத் தண்ணீரை அதற்குள் ஏற்றி வைப்பார்கள், முழங்காலளவு. மாசியில் மாமி அங்கே வந்து முட்டை போட வேண்டும், அதற்காகத்தான் எல்லாம். குலசேகரம் அதைப் பார்த்ததில்லை. இதுதான் அவருடைய முதல் மாசி. இராச்சாப்பாட்டில் வேறு கதையே இல்லை.

"முட்டையைப் புல்லிலை போடுவா, தங்கச்சி. பிசின் மாதிரி ஒட்டும். சேத்திலை விழுந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். புல்லிலை ஒட்டினால்தான் உயிர். ஒரு கிலோ உடம்புக்குப் பதினைஞ்சாயிரம் இருபதினாயிரம் முட்டை."

"அண்ணை," என்றாள் அஜந்தா, "சோத்தை விழுங்க விடுங்கோ."

"பிறகு தாய் திரும்பிப் பாக்காது. போடும். போகும்."

"அப்ப எங்கடை சாம்பவியின்ரை பள்ளிக்கூடம் மாதிரி."

சாம்பவி காதில் ஹெட்ஃபோன். முட்டைக் கதை முழுவதும் அவளுக்குப் பாட்டுக்குள் போயிற்று.

யோகராணியோடு கதைப்பதும் அந்தச் சமையலறையில்தான். வேறெங்கும் சிக்னல் எடுக்காது. ஆகவே வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"மாமி வந்தாவோ?" என்று கேட்டாள் யோகராணி.

"இன்னும் இல்லை. தண்ணி ஆறு பாகையிலை நிக்குது. எட்டு ஆகோணும்."

"அவவுக்குக் கோவை ஒண்டும் தேவையில்லையோ, வாறதுக்கு?"

"இல்லை. தண்ணி கொஞ்சம் சூடானால் காணும்."

"குடுத்து வைச்சவ," என்றாள் யோகராணி.

மாசி முதல் கிழமை ஆரெலி ஓர் அறிவிப்புப் பலகை கொண்டுவந்தாள். "மீன்கள் முட்டையிடும் இடம். மிதிக்காதே. புல்லைத் தொடாதே." தூணை அடித்து இறுக்கியது குலசேகரம்தான். பலகை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று கழற்றி இரண்டாந்தரமும் அடித்தார்.

அந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, அவர் கரையில் நிற்கும்போது ஃபோன் வந்தது. இலக்கம் தெரியவில்லை. பெண் குரல், நல்ல பிரெஞ்சு.

"மிஸ்யூ குலசேகரம்தானே? நான் மதாம் தெல்மாஸ், உங்கள் கொம்பனியின் தரப் பரிசோதனைப் பகுதி. உங்கள் நிரந்தர ஒப்பந்தம் என் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். தண்ணீருக்குள் புல்லும் சருகுமாகக் கிடக்கிறதாமே? நான் குனிந்தால் தண்ணீரில் என் முகம் தெரிய வேண்டும். உதட்டுச் சாயம் சரியா என்று பார்க்கிற அளவுக்கு. நீங்கள் டை கட்டிக்கொண்டு நில்லுங்கள்."

பெயரைத் தடக்காமல் சொன்னாள். குலசேகரம் மூன்று தரம் "வீ, மதாம்" என்று ஆமோதித்தார். அழைப்பு முடிந்தது.

யார் இப்படி ஒரு விளையாட்டு விளையாடியது என்பது இன்றுவரை தெரியாது. அந்த நேரம் சாம்பவி வீட்டில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள், ஆகவே அவளைச் சந்தேகிக்க ஒரு நியாயமும் இல்லை.

உதட்டுச் சாயம் என்றதுமே சிரித்துவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அரசாங்கக் கந்தோர்கள் குலசேகரத்திடம் இதைவிட விசித்திரமானதெல்லாம் கேட்டிருக்கின்றன. ஒருமுறை அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரு கடிதம் கேட்டார்கள். அதை அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், அதன்பிறகும் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். ஆரெலியின் இலக்கம் அதில் இருந்தது. எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அந்த நிமிடத்திலேயே முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. காட் இல்லாத பதினைந்து வருடத்தில் உடம்புக்குள் ஊறிப்போன ஒன்று அது: மேலிருந்து ஒரு குரல் வந்தால் "வீ" சொல்லிக் காரியத்தை முடித்துவிட வேண்டும். திருப்பிக் கேட்டால் கோவையைத் திறப்பார்கள். திறந்தால் ஏதாவது அகப்படும்.

ஆனாலும் அவர் மீனை அப்படியே கைவிட்டுவிடவில்லை. வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கினார். ஏழு பாகை. எட்டு இன்னும் ஆகவில்லை. முழங்காலில் நின்று புல்லை விலக்கி விலக்கித் தேடினார். முட்டை என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. மாமி இன்னும் வரவில்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொன்னார். அதற்கும் மேலே ஒரு சமாதானம்: பாதையோரப் புல்லை மட்டும் வாருவது, அந்தம்மா நடந்து வந்தால் அதுதானே தெரியும். தூரத்துப் பக்கம், மர நிழலில் கிடக்கிற புல்லை மாமிக்கு விட்டுவிடுவது. ஆளுக்குப் பாதி.

புதன், வியாழன் இரண்டு நாளும் இரும்பு வாரியால் வாரினார். பழைய புல், நாணல் தண்டு, சருகு எல்லாவற்றையும் இழுத்துக் கரையில் குவித்தார். குவியல் அவர் நெஞ்சுக்கு வந்தது. கடைசியில் ஒரு தேநீர் வடியைக் கம்பில் கட்டி, மிதந்த துரும்புகளையும் அள்ளினார். வியாழன் பின்னேரம் குனிந்து பார்த்தபோது, உணவகத்தில் அவர் மினுக்கிய தொட்டிகள் மாதிரித் தண்ணீர் கிடந்தது. முகம் தெரிந்தது. படமெடுத்து யோகராணிக்கு அனுப்பினார். "வடிவாக் கிடக்கு" என்று பதில் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அஜந்தாவிடம் அவள் புருஷனின் பழைய டை ஒன்று கேட்டார்.

"என்ன அண்ணை, கலியாணமோ?"

"நாளைக்கு வேலைக்கு ஒரு ஆள் வருகுது."

"ஆர்?"

"ஒரு ஆள்," என்றார் குலசேகரம். கை கூடுமுன் வெளியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்கு ஒரு பயம். கொந்த்ராக் கையெழுத்தாகும் வரை யோகராணிக்கும் வாய் திறப்பதில்லை என்று இருந்தார்.

சாம்பவிக்கு அன்று பசி இல்லை. பாதிச் சோற்றோடு எழும்பிப் போனாள்.

வெள்ளி விடிய உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. குலசேகரம் நீல டையோடு எட்டு மணிக்குக் கேற்றடியில் போய் நின்றார். பத்து மணிக்கு வந்தது ரேமண்ட்.

"கூலா, யார் செத்தது?" என்றார் டையைப் பார்த்து. குலசேகரம் என்ற பெயரில் அவர் வாய்க்குள் நுழைந்தது அவ்வளவுதான்.

பிறகு அவர் குளப்பக்கம் திரும்பினார். தடியை ஊன்றி ஊன்றிக் குவியலடிக்குப் போனார், குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்தெடுத்தார், குலசேகரத்தின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

ஒவ்வொரு தாளிலும் ஜவ்வரிசி ஒட்டினமாதிரி. பழைய புல்லின் நிறமேதான். வெயிலுக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். சிலது கண்ணாடி மாதிரி, மிச்சமெல்லாம் பனியில் வெளுத்துப் பால் நிறம்.

"ஞாயிற்றுக்கிழமை வந்தாள்," என்றார் ரேமண்ட். "உன் மாமி. மூன்று ஆண்கள் பின்னால். சும்மா நடக்க வந்த நான் பார்த்தேன். இந்தப் பக்கம்தான் வெயில் முதலில் விழுகிறது. ஆழத்தில் ஏழு பாகை என்றால் இந்தப் புல்லுக்குள் பத்து. இன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று இருந்தேன்."

குலசேகரம் டையோடு தண்ணீருக்குள் இறங்கினார். குவியலை அள்ளி அள்ளித் திரும்பப் போட்டார். பன்னிரண்டு மணி வரைக்கும் போட்டார். ரேமண்ட் போதும் என்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு நனைந்த காற்சட்டையோடு மறுபடி கேற்றடியில் போய் நின்றார். மதாம் இன்னும் வரலாம் அல்லவா. நாலு மணி வரைக்கும் நின்றார். ஒருவரும் வரவில்லை. கொம்பனிக்கு ஃபோன் எடுத்து மதாம் தெல்மாஸ் வேண்டும் என்றார். அந்தப் பெயரில் இங்கே எவரும் இல்லை, தரப் பரிசோதனை என்று ஒரு பகுதியும் இல்லை என்றாள் வரவேற்பில் இருந்தவள். அவர் "மெர்சி" சொல்லி வைத்தார்.

திங்கட்கிழமை ஆரெலி வந்தாள். நூறு முட்டை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி எண்ணினாள். தொண்ணூற்று நாலு செத்திருந்தது. அவள் கோபக்காரி அல்ல. அன்று அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தப் பலகையை நீங்கள்தானே நட்டீர்கள்?"

"வீ."

"பிறகு ஏன்?"

"அழுக்காகக் கிடந்தது," என்றார் குலசேகரம். "சுத்தமாக்கினேன்."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இரண்டு கிழமையில் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தம் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது, புதுப்பிக்கப்படமாட்டாது, உங்கள் சேவைக்கு நன்றி.

அதற்கிடையில் இன்னொரு வேலை நடந்தது. அந்தத் திங்களே ஆரெலியிடம் கேட்டு, உயிர் இருக்கிற முட்டைகளோடு ஒரு பிடி புல்லை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குளத்துத் தண்ணீரோடு ரயிலில் கொண்டுவந்தார். சமையலறை யன்னலுக்கு வெளியே, குளிரில், பூச்சாடி வைக்கிற இடத்தில் வைத்தார்.

"அண்ணை, அறைக்கு ஒரு ஆள் எண்டுதானே கதை," என்றாள் அஜந்தா. "இப்ப நூறு பேர்."

"கன நாள் இருக்காதுகள், தங்கச்சி."

முட்டை பொரிக்க எடுக்கும் நாளைக் கணக்குப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளின் பாகையையும் கூட்டிக்கொண்டு வந்து நூற்றிருபது ஆனால் பொரிக்கும். பத்துப் பாகை என்றால் பன்னிரண்டு நாள். குலசேகரம் நாட்காட்டியில் பாகையை எழுதி எழுதிக் கூட்டினார். ஆனால் தண்ணீர் பழுதாகக் கூடாது, செத்த முட்டையில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்து முட்டையும் போய்விடும். அவர் விடியப் போனால் இருட்டித்தான் வருவார். வந்து பார்த்தால் தண்ணீர் மாற்றியிருக்கும். குளோரின் போகட்டும் என்று குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் துவாயால் மூடி வைத்திருக்கும். செத்த முட்டைகளை யாரோ புருவம் பிடுங்குகிற கவ்வியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருப்பார்கள். அது யார் என்றும் தெரியாது. வீட்டில் இருப்பது மூன்றே பேர், அதில் அஜந்தாவுக்கு மீன் வெடுக்கே ஆகாது.

இருபத்து மூன்று பொரித்தது. பொரித்த குஞ்சுக்கு வாய் திறந்திராது. நெற்றியில் ஒரு பசை; அதால் புல்லில் ஒட்டிக்கொண்டு தலைகீழ் ஊசி மாதிரிப் பத்து நாள் அப்படியே தொங்கும், வயிற்றில் இருக்கிற மஞ்சள் கரு தீரும்வரை. பிறகு நீந்தும். நீந்தத் தொடங்கியதும் பசி. குலசேகரம் குளத்திலிருந்து போத்தலில் தண்ணீர்ப்பூச்சி கொண்டுவந்து ஊற்றினார். டப்பா போதாமல் உடுப்புத் தோய்க்கிற பேசினுக்கு மாற்றினார். பூச்சி காணாமல் போன நாளில் அவை ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின. இருபத்து மூன்று பதினாறாகி, பதினாறு ஒன்பதாயிற்று. சண்டை சத்தம் ஒன்றும் இல்லை. காலையில் எண்ணினால் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

கடிதம் வந்த அன்று யோகராணிக்குச் சொன்னார்.

"அப்ப இந்த வரியமும் இல்லையோ."

"இல்லை."

"அவை ஏன் நிப்பாட்டினவை?"

"என்ரை பிழை."

குக்கர் சீறியது; அவர் ஃபோனைக் காதோடு நெருக்கினார். பிறகு அவள், "இஞ்சாருங்கோ," என்றாள். "எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இனி அந்தக் குளிருக்கை வந்து நான் என்ன செய்யப்போறன். உந்தக் கோவையை மூடி வையுங்கோ. ஃபோன் எடுக்கிறதை மட்டும் விடாதேங்கோ. அது காணும்."

"ஓம்," என்றார் குலசேகரம். ஃபோனை அணைத்துவிட்டு, கைபட்ட மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

ஏப்ரல் நடுவில், ஒரு சனிக்கிழமை, மீன்களைக் கொண்டுபோய் விட முடிவாயிற்று. விடிய எண்ணினபோது ஆறு. பேசினைத் தூக்கப் போகும்போது பார்த்தால் ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, அந்தப் பல் அப்படி. இரண்டும் செத்துப்போயின. மிச்சம் நாலு.

சாம்பவி சும்மா கூட வந்தாள். டி ரயிலில் மடியில் மூடி போட்ட வாளி. எதிரே இருந்த மனுஷி என்ன அது என்று கேட்க, சூப் என்றாள். வில்லியே லே பெல்லில் பேருந்து குலுங்கியபோது, வாளியைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

குலசேகரம் புல்லுக்குள் வாளியைச் சரித்தார். விரல் நீளம்கூட இல்லாத நாலும் ஒரு கணம் நின்று, பிறகு ஆளுக்கொரு திசையில் போயின. ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.

"மாமி இப்ப எங்கை நிப்பா?" என்று கேட்டாள் சாம்பவி.

"ஆழத்திலை."

"தன்ரை பிள்ளையள் எண்டு தெரியுமோ அவவுக்கு?"

"தெரியாது. பசிச்சா சாப்பிடுவா."

திரும்பி வரும்போது அந்தப் பலகை சரிந்திருந்ததைக் கண்டு, கல்லெடுத்து அடித்து நிமிர்த்திவிட்டு வந்தார். இப்போது அவர் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் தட்டுக் கழுவுகிறார். கோவை அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராணியோடு கதைக்கிறார்.

இதுவரை உள்ளதை எழுதியது சாம்பவி. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு, "எங்கள் அயலில் ஒருவர்" என்ற தலைப்பில். பாதியில் நின்ற பிள்ளைகளுக்கும் எழுதினால் ஒரு சான்றிதழ் உண்டு என்றார்கள். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி ஒரு ஞாயிறு மத்தியானம் குலசேகரத்திடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மேசையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனையை எடுத்தார்.

"எண்ணாயிரம் பல்லோ? எழுநூறு. ஆரெலி சொன்னவ."

"அது சும்மா ஒரு அழகுக்கு, மாமா."

"மீனுக்கு இருக்கிற அழகு காணும்." பேனை மேலே போயிற்று. "முதல் வசனத்தையும் வெட்டு. எல்லாம் தெரிஞ்ச ஆள் அந்தப் புல்லிலை வாரி வைச்சிருப்பானோ?"

அவர் தாளைத் திருப்பினார். வாசித்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"மதாம் தெல்மாஸ் கதைச்சது இஞ்சை கிடக்கு. இதிலை ஒரு பிழையும் இல்லை. உதட்டுச் சாயம், டை எல்லாம் சொல்லுக்குச் சொல் சரி."

"அப்ப நல்லம்தானே."

"இப்பிடியொரு ஃபோன் வந்ததெண்டே நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பிள்ளை. ஆரெலிக்கும் இல்லை. ராணிக்கும் இல்லை."

சாம்பவி யன்னலைப் பார்த்தாள். பேசின் வைத்த இடத்தில் தண்ணீர்க் கறை வட்டமாக இருந்தது.

"நீங்கள் நித்திரையிலை கதைச்சிருப்பியள்."

"பிரெஞ்சிலையோ?"

அவள் தாளை எடுக்கக் கை நீட்டினாள். அவர் விடவில்லை.

"பத்தொன்பது வரியமா," என்றார் குலசேகரம், பேனை மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "இந்த நாட்டிலை ஒரு கந்தோர்க்காரியும் என்ரை பேரை ஒரே மூச்சிலை சொன்னதில்லை. கேற்றடியிலை நிக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை? அவைக்குச் சொல்லியிருந்தா உங்களை வைச்சிருப்பினம்."

"சொன்னா உனக்கு ஒரு கோவை திறந்திருப்பாங்கள்."

அவர் இரண்டு இடத்தில் சிவப்பால் வட்டம் போட்டார். ஒன்று ஃபோன் வந்த இடம். மற்றது தண்ணீர் மாற்றின இடம்.

"ரெண்டிலும் ஆரெண்டு தெரியாதெண்டு எழுதி வைச்சிருக்கிறாய். ரெண்டு இடத்திலும் பேரைப் போட்டுக்கொண்டு வா," என்றார். "பிறகு எழுத்துப்பிழை பாக்கிறன்."